கட்டடங்களுக்கு அப்பாலும் பேராதனை

இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், 1952 இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்த கதை, மகாவலிக் கரை அழகு எல்லாம் இருக்கின்றன. தமிழ்த்துறைக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லையே!

அத்துறையின் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பின் மரபு ஆட்ட நாடகமான வடமோடிக் கூத்தை இந்த வளாகத்துக்குக் கொண்டுவந்தார். சுற்றிவர மக்கள் இருந்து பார்க்கும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் மாணவர்களை ஆட வைத்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவைதாம். மத்தளமும் சல்லரியும் பட்டதாரிகளின் கைக்கு வந்தது சின்ன விடயமா? 1956 இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை உருவாக்கியதும் இதே பேராதனைச் சூழலில்தான். இரண்டையும் சேர்த்துப் பேசியிருக்கலாம்.

இன்னொன்று. வளாகத்தைச் சூழ்ந்த மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமை 1948 லேயே பறிபோயிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில். அதுவரை ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்த பிள்ளைகள் ஏராளம். இன்று வளாகத்தருகே உள்ள சரசவி உயன ரயில் நிலையத்தில் புத்தகப் பையோடு இறங்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் கட்டுரையாளர் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜெனிங்ஸ் புராணம் ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது.