ஓடி வந்தீக, வெட்டிப் போட்டீக

“ஓடி வந்தீக, வெட்டிப் போட்டீக, போட்டோ எடுத்தீக, ஓடிப் போயிட்டீக. முள்ளு யாரு கால்ல குத்துது?”

காரைக்குடியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். அந்த ஊருணிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஓர் அம்மா எங்களைக் கேட்ட கேள்வி இது. இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் பதினாறு பேர், எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன். அவர் கையில் துரட்டி. பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. என்ன சொல்வது? முந்தின ஞாயிறு நாங்கள் வெட்டிப் போட்ட சீமைக் கருவேலங் கிளைகள் கரை நெடுகக் காய்ந்து கிடந்தன. அவருடைய ஆடு ஒன்று முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது.

எங்கள் ஓட்டக் குழுவைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். “ஓடவும் செய்றீங்க, சேவையும் பண்றீங்க, சூப்பர் சார்” என்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. சூப்பர் எல்லாம் ஒன்றும் இல்லை. செய்ததில் பாதி வெட்டி வேலை. எது வெட்டி வேலை என்று பிடிபடவே எங்களுக்கு மூன்று வருடம் ஆனது.

ஓட்டம் ஆரம்பித்த கதை பெரிய கதை இல்லை. நாற்பது தாண்டினேன், சர்க்கரை எட்டிப் பார்த்தது, டாக்டர் நடக்கச் சொன்னார். நடையில் கூட்டாளிகள் சேர்ந்தார்கள், நடை மெல்ல ஓட்டமானது. ஹார்டுவேர் கடைக்காரன் நான். ஒரு வங்கிக்காரர், இரண்டு வாத்தியார்கள், அழகப்பாவில் படிக்கிற பிள்ளைகள் சிலர், ஒரு தையல்கடை அக்கா. அதிகாலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் வீடு வந்துவிடலாம். ஓடுவதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும் நம் ஊர்த் தெருக்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும். ஒரு வீட்டின் முகப்பு இந்தத் தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். ஒரே ஒரு வீட்டைச் சுற்றி வருவதற்குள் மூச்சு வாங்கும். பூட்டிய வீடுகள், மதில் மேல் மயில், நம்மைப் பிடிக்காத இரண்டு நாய்கள்.

அப்புறம் ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குகிறார்கள். 2016 வாக்கில் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமில் தொடங்கிய பழக்கம். பொறுக்குவதற்கான ஸ்வீடிஷ் சொல்லையும் ஜாகிங்கையும் ஒட்டிப் ‘ப்ளாக்கிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2019-இல் மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் குப்பை பொறுக்கிய படம் வந்த பிறகு நம் பக்கமும் அந்தப் பெயர் புழங்கியது. சரி, நாமும் செய்வோம் என்று கோணிப்பையோடு கிளம்பினோம். ஆறு மாதம் செய்தோம். பை பையாகக் கட்டித் தெருமுனையில் அடுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வோம். ஒருநாள் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சார், நீங்க எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கட்டிர்றீங்க. பாட்டில் வேற, ஈரம் வேற, கண்ணாடி வேறன்னு மறுபடி அவுத்துப் பிரிக்கிறது நாங்கதான். கண்ணாடி கையைக் கிழிக்குது.” எங்கள் சேவையில் அவருக்குத்தான் வேலை கூடியிருக்கிறது! அன்றிலிருந்து மூன்று பை கொண்டு போகிறோம். முன்னைப்போல நிறையச் சேர்வதில்லை, படத்திலும் எடுப்பாகத் தெரிவதில்லை. ஆனால் அந்த அக்கா இப்போது எங்களைப் பார்த்தால் சிரிக்கிறார்.

குப்பைக்குப் பிறகுதான் கருவேலம். நமக்கெல்லாம் அந்த மரத்தின் மீது ஒரு வெறி உண்டு. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊர் ஊராகக் கிளம்பினார்களே, அந்த ஞாபகத்தில் நாங்களும் அரிவாளோடு இறங்கினோம். மூன்று ஞாயிறு. கை எல்லாம் கொப்புளம். காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் ஒருவர் மேடை போட்டுப் பேசாத குறையாகப் பேசினார். அது நிரூபணமான விஷயம் இல்லை, இப்போது தெரியும். ஆனால் வெட்டிய பிறகு ஒன்றை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். அடிமரத்தை விட்டு மேலே மட்டும் வெட்டினால் அது சாகாது. அடுத்த மழைக்கு ஒரு மரம் நின்ற இடத்தில் ஏழெட்டுக் கிளை வெடித்து நிற்கும். வேரோடு பெயர்க்க வேண்டும். பெயர்த்தாலும், ஆடு மாடு அந்தக் காயைத் தின்று சாணி போடுகிற இடமெல்லாம் விதை விழுந்து கிடக்கிறது, வருடக் கணக்கில் காத்திருந்து முளைக்கும். மூன்று ஞாயிற்றில் தீர்கிற வழக்கா இது?

இன்னொன்று, கண்மாய்க்குள்ளும் ஊருணிக் கரையிலும் நிற்கிற மரம் யார் வீட்டுச் சொத்தும் இல்லை என்று நினைத்தோம். பஞ்சாயத்தோ அரசுத் துறையோ ஏலம் விடுகிற மரம் அது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. கோடையில் மேய்ச்சல் இல்லாதபோது ஆட்டுக்கு அந்தக் காய்தான் தீவனம். இதை எல்லாம் எங்களுக்குச் சொன்னது அந்தத் துரட்டி அம்மாதான். திட்டிக்கொண்டேதான் சொன்னார்.

அன்றைக்கே இன்னொரு திட்டும் வாங்கினோம். எங்களில் ஒரு பையன் முகம் கழுவ ஷூவோடு படித்துறையில் இறங்கிவிட்டான். “குடிதண்ணி ஊருணியில செருப்புக்காலோட எறங்குறான் பாரு!” என்று கரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரியவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீர் என்று பார்த்தால் அடியில் முழங்கால் அளவு பச்சைக் குழம்பு. யாரும் அதைக் குடித்துப் பல வருடம் இருக்கும். ஆனாலும் அந்தப் பழக்கம் மட்டும் அவரிடம் வற்றவில்லை.

அவரிடம்தான் போய் உட்கார்ந்தோம். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு. நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்டோம். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். குன்றக்குடி அடிகளார், காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் விஞ்ஞானிகளை ஊருக்கு வரவழைத்து ஊரின் தேவையை வைத்துத் திட்டம் போட்ட மண் இது. பத்து கிலோமீட்டரில் இருக்கிறது குன்றக்குடி. அந்தப் பக்கம் எத்தனையோ முறை ஓடியிருக்கிறோம். ஒன்றும் ஒட்டவில்லை.

பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. “மரத்தை விடுங்க. போன வருசம் நல்ல மழை. ஊருணிக்குத் தண்ணி வரல. ஏன் வரலன்னு யாராச்சும் வரத்துக்கால் நெடுகப் போய்ப் பாத்தீகளா?”

பார்க்கவில்லை. நாங்கள் மட்டும் இல்லை, யாருமே பார்க்கவில்லை. இங்கேதான் எனக்கு ஏதோ பிடிபட ஆரம்பித்தது.

வற்றாத ஆறு இல்லாத பூமி நம்முடையது. செம்மண், அடியில் செம்பாறை. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிறதைப் பிடித்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் தெருவையே வாட்டம் பார்த்துப் போட்டார்கள். ஓட்டில் விழுந்த மழை வீட்டு நடுவில் இருக்கிற முற்றமான வளவுக்குள் இறங்கும், அண்டா நிறையப் பிடித்தது போக மிச்சம் தெருக் கால்வாய்க்குப் போகும், அங்கிருந்து ஊருணிக்கு. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது நாம் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும்தான் பேசினோம். எனக்கு என்னமோ இந்தத் தண்ணீர்க் கணக்குதான் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

அடுத்த ஞாயிறு அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு வரத்துக்கால் வழியாக ஓடினோம். ஓட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். முள், கழிவு, வேலி தாண்டி ஏறி இறங்கி, சில இடத்தில் கால்வாய் எங்கே போனது என்று தேடி. நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மூன்று மணி நேரம். கைக்கடிகாரத்தில் தடம் பதிவாகிறது இல்லையா, எங்கெங்கே அடைப்பு, எங்கே மண் மேவியிருக்கிறது, எங்கே யாரோ சிமென்ட் தளம் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் குறித்தோம். மொத்தம் பதினோரு இடம். அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் பஞ்சாயத்தில் கொடுத்தோம். மண் மேவிய இடங்களை நூறு நாள் வேலையில் எடுத்தார்கள். அந்தப் பெண்கள் மண்வெட்டி பிடிக்கிற லாவகத்தைப் பார்த்த பிறகு எங்கள் மூன்று ஞாயிற்றுக் கொப்புளத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. நாங்கள் பதினாறு பேர் அரை நாளில் செய்ததை நான்கு பேர் டீ வருவதற்குள் முடித்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க மழை. ஞாயிறு விடிய இன்னும் தூறிக்கொண்டிருந்தது. ஆறு பேர்தான் வந்தோம். ஊருணிக்குப் போனால் வரத்து வாயில் ஈரம் மட்டும் இருக்கிறது, தண்ணீர் இல்லை. மேலே ஓடினோம். மூன்றாவது பாலத்துக்கு அடியில் சிமென்ட் குழாய்க்குள் பழைய பஞ்சு மெத்தை ஒன்று அடைத்துக் கிடந்தது. யார் கொண்டுவந்து போட்டார்களோ! குழாய்க்கு மேற்கே தண்ணீர் குளம்போல் நிற்கிறது, கிழக்கே காய்ந்து கிடக்கிறது. இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுக்க, மெத்தை பிய்ந்து பிய்ந்து வந்தது. கடைசித் துண்டு வந்ததும் குழாய் ஒருமுறை குமுறியது. செந்தண்ணீர் நுரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வேகமாக எல்லாம் இல்லை. சருகு, புளியங்கொட்டை, தத்தளிக்கிற எறும்புக் கூட்டம், இத்தனையையும் முன்னால் உருட்டிக்கொண்டு ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் போனது. நாங்கள் அதன் கூடவே நடந்தோம். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஓடியதும் இல்லை, அவ்வளவு சந்தோஷமாக ஓடியதும் இல்லை. படம் எடுக்க ஒருவர் கையிலும் போன் இல்லை, மழைக்குப் பயந்து வண்டியிலேயே வைத்திருந்தோம்.

இதைத்தான் சொல்ல வந்தேன். ஓட்டக்காரர்களிடம் ஊருக்குக் கொடுக்க இருப்பது கை இல்லை. மண் வெட்டவும் மரம் அறுக்கவும் நம்மைவிடத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்தால் இன்னும் நன்றாகச் செய்வார்கள். நம்மிடம் இருப்பது கால். வாரா வாரம் எப்படியும் பத்துக் கிலோமீட்டர் போகத்தான் போகிறோம். கார் போகாத வழியில் போகலாம், போன வாரம் பார்த்ததை இந்த வாரமும் பார்க்கலாம். எங்கே என்ன மாறியிருக்கிறது என்று தெரிகிற ஆள் ஊருக்கு இப்போது கிடையாது. நீர்ப்பாய்ச்சி என்று முன்பு அதற்கென்று ஆள் இருந்தார்கள்.

இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. “நாங்க ஓட வந்தோம், வாய்க்கால் அளக்க இல்ல” என்று நான்கைந்து பேர் விலகினார்கள். அரை மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு வேகம் முக்கியம், அதில் தப்பே இல்லை. பனியனில் பெயர் போட்டால் செலவை ஏற்கிறேன் என்று வந்த ஒரு பிரமுகரும் மெத்தைக் கதையைக் கேட்டு ஆர்வம் இழந்துவிட்டார். நல்லதாகப் போயிற்று.

லண்டனில் தொடங்கிய குட்ஜிம் என்று ஓர் அமைப்பு. ஓடிப்போய்ப் பொதுவேலை செய்துவிட்டு ஓடித் திரும்புவார்கள். தனியாக இருக்கிற முதியவர்கள் வீட்டுக்கும் ஓடிப் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். அந்த முதியவருக்கு அங்கே ‘கோச்’ என்று பெயர். நீ எப்போது வருவாய் என்று ஒருவர் காத்திருந்தால் நீ ஓடாமல் இருக்க முடியாது, அதனால் அவர்தான் உன் பயிற்சியாளர். அழகான ஏற்பாடு. ஆனால் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதா என்ன? வழி நெடுக மோரும் பானகமும் வைத்துக்கொண்டு, கால் பிடித்துத் தைலம் தேய்த்துவிடக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். ஒரே குடும்பம், ஒரே புளியமரத்தடி, தலைமுறை தலைமுறையாக. அவர்களிடம் பேனர் இருக்காது, ‘போன வருசம் முட்டி வலின்னீங்களே, இப்ப எப்படி?’ என்று கேட்பார்கள்.

அந்தக் கோச் ஏற்பாட்டை மட்டும் நாங்களும் எடுத்துக்கொண்டோம். நம் ஊர்களில் அரண்மனை மாதிரி வீட்டில் தனியாக ஓர் ஆச்சி இருப்பது அதிசயமா? பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். நான் புதன்கிழமை தோறும் ஒரு வீட்டுக்கு ஓடுகிறேன். முதல் நாள் வேர்த்து ஒழுக நின்றவனைப் பார்த்து ஆச்சி கேட்டது, “யாரு தம்பி தொரத்துனா?” மருந்து வாங்கி வரவா என்றால் வேண்டாம் என்றார், அதெல்லாம் மருந்துக்கடைப் பையன் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறானாம். அவருக்கு வேண்டியது வேறு. மழை பெய்தால் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் எங்கேயோ சொட்டுகிற சத்தம் ராத்திரி கேட்கிறது, எழுந்து போய்ப் பார்க்கப் பயம். பகலில் ஒரு ஆள் கூட வந்தால் பூட்டைத் திறந்து பார்க்கலாம். போய்ப் பார்த்தோம். ஓடு ஒன்று நகர்ந்திருந்தது, கீழே யாரோ எப்போதோ வைத்த பித்தளை அண்டா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆச்சி குனிந்து விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்ல தண்ணி, கொட்டிராதே” என்றார். இப்போது வாரா வாரம் அந்த வீட்டில் ஒரு அறை திறக்கிறோம். இதுவரை ஒன்பது அறை. வேர்வை அடங்காமல் எனக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை, அதில் மட்டும் கண்டிப்பு.

போன மாதம் அந்த ஊருணிப் பக்கம் மறுபடி ஓடினோம். தண்ணீர் மூன்றாம் படி வரைக்கும் நிற்கிறது. கருவேலம் எதிர்க்கரையில் செழிப்பாக இருக்கிறது, அதைத் தொட நாங்கள் இன்னும் துணியவில்லை. துரட்டி அம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை, துரட்டியை மட்டும் தூக்கி மேற்கே காட்டினார்.

“அந்தத் தைலமரக் காட்டுப் பக்கம் கால்வாயில என்னமோ அடச்சுக் கெடக்கு. போயி என்னன்னு பாத்துட்டு வாங்க. சும்மாதான ஓடுறீக?”