காய்கறி மண்டிக்காரர் வரைந்த சேவல்கள்

கலைஞன் என்றால் கஷ்டப்பட வேண்டும், காசு பார்த்தால் கலை செத்துவிடும் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு இத்தோ ஜகுச்சு ஞாபகம்தான் வரும். ஜப்பான்காரர். 1716-ல் கியோத்தோவில் பிறந்தவர். குடும்பத் தொழில் காய்கறி மண்டி, அதுவும் சின்னக் கடை இல்லை, நிஷிகி மார்க்கெட்டில் வியாபாரிகளுக்கு இடம் விட்டு வாடகை வாங்குகிற பெரிய கை. இருபதைத் தாண்டிய வயதில் அப்பா போய்விட, மூத்த பிள்ளையான இவர் தலையில் மண்டி விழுந்தது. 1755-ல், நாற்பதை நெருங்கும்போது, அதைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்துவிட்டார்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு துறவியின் படத்தைத்தான் காட்டுவார்கள். நண்பரான தைதென் என்ற ஜென் துறவி எழுதி வைத்ததும் அப்படித்தான்: படிப்பு ஏறவில்லை, குடி இல்லை, கல்யாணம் இல்லை, ஓவியத்தைத் தவிர வேறு நாட்டம் இல்லை. பழைய சீன ஓவியங்களை நகலெடுத்து அலுத்துப்போய், உயிருள்ளதையே பார்த்து வரையலாம் என்று தோட்டத்தில் டஜன் கணக்கில் கோழிகளை விட்டு வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாராம். நல்ல கதை. ஆனால் அத்தனை கோழிக்கும் யார் காசில் தீனி போட்டார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

1757 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய பத்து வருஷத்தில் முப்பது பெரிய பட்டு ஓவியங்கள். சேவல், மீன், சிப்பி, பூச்சி, பனி படிந்த கிளை என்று கண்ணில் பட்ட உயிரெல்லாம் அதில் உண்டு. யாரும் ஆர்டர் கொடுத்து வரைந்தவை இல்லை, ஷோகொகுஜி கோயிலுக்குத் தானாகவே கொடுத்தவை. பட்டின் பின்பக்கமும் வண்ணம் பூசுவார், அது நூலிழை வழியாக முன்பக்கம் கசியும். வெள்ளை ஃபீனிக்ஸ் பறவை ஓவியத்தில் சிறகு தங்கமாக மின்னும், ஆனால் ஆராய்ந்து பார்த்தால் அதில் தங்கமே இல்லை! பின்னால் மஞ்சள் காவி, முன்னால் மயிரிழை வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். ஒரு மீன் ஓவியத்தில், அப்போது ஜப்பானுக்கு அரிதாகவே வந்துகொண்டிருந்த ஐரோப்பியச் சரக்கான பிரஷ்யன் நீலம்கூட இருக்கிறது. நல்ல பட்டு, உயர்ந்த நிறங்கள், அவசரமே இல்லாத பத்து வருஷம். மண்டி வாடகை இல்லாமல் இது நடந்திருக்காது என்பதுதான் என் கட்சி.

சரி, பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் முடியாது. 1771-ல் கோஜோ பக்கத்துப் போட்டி மார்க்கெட் தகராறு கிளப்பியது, அதில் நிஷிகி மார்க்கெட்டை அதிகாரிகள் மூடினார்கள். உலகமே வேண்டாம் என்று ஒதுங்கியவராகச் சொல்லப்படும் இந்த மனிதர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? காய்கறி கொண்டுவரும் விவசாயிகளைத் திரட்டினார், மனு மேல் மனு போட்டார், தேவைப்பட்டால் ஆட்சி நடந்த எடோவுக்கே (இன்றைய டோக்கியோ) போய் முறையிடவும் தயாராக இருந்தார். 1774-ல் மார்க்கெட் திறந்தது, இன்றும் இருக்கிறது. அந்த வருஷங்களில் வரைந்ததாகத் தெரியும் ஓவியங்கள் ரொம்பக் குறைவு. எனக்கு முப்பது ஓவியங்களுக்குச் சமமாக இந்த மூன்று வருஷமும் பிடிக்கும்.

புத்தரின் பரிநிர்வாணக் காட்சியை, அதாவது அவர் உயிர் பிரியும் காட்சியை, காய்கறிகளை வைத்தே வரைந்தவரும் இவர்தான். கவிழ்த்த கூடை மேல் புத்தராக முள்ளங்கி படுத்திருக்க, சுற்றிலும் கத்தரியும் பூசணியும் மற்றதும் துக்கம் காக்கின்றன. கேலி என்று சிலர் நினைக்கிறார்கள். மண்டிக்காரர் வீட்டில் காய்கறி கேலிப்பொருளா என்ன?

இன்னொன்று, 1889-ல் நொடித்துப்போயிருந்த ஷோகொகுஜி அந்த முப்பதையும் அரச குடும்பத்துக்குக் கொடுத்து 10,000 யென் பெற்றது. கோயில் நிலம் தப்பித்ததே அந்தப் பணத்தால்தான். 2016-ல் டோக்கியோவில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது வரிசையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார்கள்.

வறுமையிலும் பெரிய ஓவியம் வரும் என்று கமெண்டில் சொல்ல வருவீர்கள், தெரியும். வரும்தான். 1788 பெருந்தீயில் இவர் வீடே எரிந்துபோனது, கடைசிக் காலத்தில் ஒரு ஓவியத்துக்கு ஒரு ‘தோ’ (சுமார் பதினெட்டு லிட்டர்) அரிசி என்று விற்றார், அவசரமாகத் தீட்டிய அந்த மை ஓவியங்களும் அருமையாகவே இருக்கின்றன. ஆனால் அதே சமயத்தில் தங்கத்தாள் ஒட்டிய பின்னணியில் சேவலும் கள்ளிச்செடியுமாக (ஆமாம், கள்ளி!) ஒரு கோயில் கதவுகளை வரைந்தாரே, அதற்கு ஒசாகா மருந்து வியாபாரி ஒருவரின் பணம் வேண்டியிருந்தது.