ரிப்போர்ட் வர்றதுக்குள்ள சாப்பாடு தட்டுக்கு வந்துடுது

11 வருஷமா உணவுப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன். நிலையான விவசாயம், பாதுகாப்பான உணவு, புதுப்புது கண்டுபிடிப்புன்னு இப்ப நிறைய பேர் பேசுறாங்க, சந்தோஷம்தான், ஆனா அந்தப் பேச்சுல ஒரு விஷயம் விட்டுப்போகுதேன்னு எனக்கு ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, அதை இன்னைக்கு எழுதிடுறேன். நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எனக்குச் சொல்லிக்குடுத்த சார் ஒருநாள் அரைச்ச கடலையில இருந்து எடுத்த சாறை ஒரு கண்ணாடித் தகட்டுல பொட்டு பொட்டா வச்சு, கரைசல்ல ஏத்தி, காயவிட்டு, லைட்டெல்லாம் அணைச்சுட்டு புற ஊதா விளக்குல காட்டினார். இருட்டுக்குள்ள நீலமா ஒரு புள்ளி மினுங்குச்சு. பார்க்க அவ்ளோ அழகு. "இதும்மா அஃப்லாடாக்சின். நீலமா தெரிஞ்சா பி, பச்சையா தெரிஞ்சா ஜி, பேரே இந்த வெளிச்சத்தை வச்சுதான்"னார். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குற பொருள், மனுஷனுக்கு உறுதியா புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பு முதல் பிரிவுலயே வச்சிருக்கிற சாமான். நான் அப்ப கேட்டேன், "சார், இந்தக் கடலை இப்ப எங்க இருக்கும்?" அவர் தகட்டைக் கீழ வச்சுட்டு, "வித்து முடிஞ்சிருக்கும்மா"ன்னார்.

இத்தனை வருஷத்துல மெஷின் மாறிடுச்சு, தகடு போய் பெரிய பெரிய கருவி வந்துடுச்சு, ஆனா அந்த பதில் மட்டும் பாதி நேரம் மாறவே இல்ல.

டெஸ்ட்டுங்கிறது எவ்ளோ சின்ன ஜன்னல்னு வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரியாது. அஃப்லாடாக்சின் ஒரு மூட்டைக்குள்ள சமமா பரவி இருக்காது. ஆயிரக்கணக்கான பருப்புல நாலே நாலு பருப்பு கெட்டிருக்கும், ஆனா அந்த நாலுல இருக்கிற விஷம் மொத்த மூட்டையையும் வரம்புக்கு மேல கொண்டு போயிடும். மேற்கொண்டு பக்குவம் பண்ணப் போற கடலைக்கு சர்வதேச வரம்பு டன்னுக்கு 15 மில்லிகிராம்தான், அவ்ளோ நுணுக்கமான அளவு. என் கைல வர்ற சாம்பிள்ல அந்த நாலு பருப்பு விழலைன்னா ரிப்போர்ட் சுத்தம்னு வரும், அதே மூட்டைல வேற பக்கத்துல இருந்து எடுத்திருந்தா கெட்டதுன்னு வரும். ரெண்டு ரிப்போர்ட்டுமே பொய் இல்ல. இதனாலதான் கிலோக்கணக்குல சாம்பிள் எடுத்து மொத்தத்தையும் அரைச்சுக் கலக்கிட்டு டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க, அப்படிப் பண்ணாலும் ஓரளவுக்குத்தான்.

1960கள்ல விண்வெளிக்குப் போறவங்களுக்கு சாப்பாடு தயார் பண்ணும்போது நாசாவுக்கும் இதே தலைவலிதான். செஞ்சு முடிச்ச சாப்பாட்டை டெஸ்ட் பண்ணி நூறு சதவீதம் பத்திரம்னு சொல்லணும்னா செஞ்சதுல பெரும்பகுதியை டெஸ்ட்டுக்கே காலி பண்ணணும். அப்பதான் பில்ஸ்பரி கம்பெனியோட சேர்ந்து வேற மாதிரி யோசிச்சாங்க. எந்தெந்தக் கட்டத்துல தப்பு நடக்க வாய்ப்பிருக்குன்னு முன்னாடியே கண்டுபிடிச்சு அந்தந்த இடத்துலயே நின்னு கண்காணிக்கிறது, ஹாசப்னு இன்னைக்கு உலகம் பூரா உணவுத் தொழிற்சாலைகள்ல ஓடுற முறை அதுலேர்ந்து வந்ததுதான். சரி, தொழிற்சாலைக்கு இந்த அறிவு வந்துடுச்சு. வயலுக்கு? என் ஆதங்கமே அங்கதான்.

ஏன்னா அஃப்லாடாக்சின் தொழிற்சாலைல பிறக்கிறது இல்ல. அறுவடைக்கு முன்னாடி கடைசி வாரங்கள்ல மண்ணு காஞ்சு வெயில் கொளுத்தும்போது செடி சோர்ந்து போகுது, பூச்சி துளைக்குது, காய் வெடிக்குது, மண்ணுல ஏற்கனவே இருக்கிற பூஞ்சாணம் உள்ள போய் இந்த விஷத்தை உண்டாக்குது. அப்புறம் சரியா காயப்போடாம மூட்டை கட்டினா உள்ளுக்குள்ள பெருகிட்டே இருக்கு. வறுத்தாலும் வேகவச்சாலும் முழுசா போகாது. மாடு அந்தத் தீவனத்தைத் தின்னா பால்ல வேற வடிவத்துல வருது. இங்கிலாந்துல 1960ல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிக் குஞ்சு செத்து விழுந்தப்போ முதல்ல என்னன்னே புரியாம ஏதோ மர்ம நோய்னு பேர் வச்சாங்க, கடைசில தீவனத்துல கலந்த கடலைப் புண்ணாக்குலதான் விஷம்னு தெரிஞ்சுது. 2004ல கென்யால வீட்டுல ஈரத்தோட சேமிச்சு வச்ச மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேருக்கு பாதிப்பு, 125 பேர் இறந்துட்டாங்க. தங்களோட சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவங்க அவங்க. எந்த லேபுக்கும் வராத மக்காச்சோளம் அது.

இதுக்கெல்லாம் ஆராய்ச்சில விடை இல்லையான்னு கேட்டா, இருக்கு, நிறையவே இருக்கு. அதே பூஞ்சாணத்துல விஷம் உண்டாக்கத் தெரியாத ரகங்களும் இயற்கைலயே இருக்கு. அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகளும் நைஜீரியாவுல இருக்கிற சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அந்த ரகங்களைப் பொறுக்கி எடுத்து, முளைக்காதபடி பக்குவம் பண்ணின சோள மணில பூசி, மக்காச்சோளம் பூக்கிறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி ஹெக்டேருக்கு 10 கிலோன்னு தூவச் சொல்றாங்க. நல்ல பூஞ்சாணம் முதல்ல இடம் பிடிச்சுடும், கெட்டதுக்கு இடம் இருக்காது. அஃப்லாசேஃப்னு பேரு, 80 சதவீதத்துக்கும் மேல விஷம் குறையுது. ஆனா அந்தந்த நாட்டு மண்ணுல இருக்கிற ரகத்தையே தேடி எடுத்துதான் தயார் பண்றாங்க, அதனால ஒவ்வொரு நாட்டுலயும் வருஷக்கணக்குல உக்காந்து வேலை பார்க்கணும். அந்தப் பொறுமைக்கு நான் தலை வணங்குறேன்.

இன்னொண்ணு, சாதாரணப் பை. லாரி மர்டாக்னு ஒரு பூச்சியியல் விஞ்ஞானி 1980கள் கடைசில கேமரூன் விவசாயிகளோட தட்டைப்பயறை வண்டுகிட்ட இருந்து காப்பாத்த ஆரம்பிச்ச வேலை. ரெண்டு கெட்டியான பாலிதீன் பை, வெளிய ஒரு சாக்கு, காத்துப் புகாம இறுக்கிக் கட்டணும், அவ்ளோதான். உள்ள இருக்கிற ஆக்சிஜனை வண்டே சுவாசிச்சுத் தீர்த்துடும், அப்புறம் அது செத்துடும். மருந்து தெளிக்க வேண்டியதே இல்ல. வீட்டுக்குள்ள பிள்ளைகள் தூங்குற இடத்துலயே மூட்டைக்கு மருந்து போட்டு வைக்கிற குடும்பத்துக்கு இது எவ்ளோ பெரிய விஷயம் யோசிங்க. ஆனா ஒண்ணு, தானியம் நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்தோட கட்டினா பையே எதிரி ஆயிடும்.

காஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்? ஈரப்பதம் காட்டுற மீட்டர் வாங்க முடியாதவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. நல்லா காஞ்ச கண்ணாடி பாட்டில், நல்லா காஞ்ச உப்பு. ஒரு கை தானியத்தைப் போட்டு உப்பையும் போட்டு மூடி நல்லா குலுக்கிட்டு பத்துப் பதினஞ்சு நிமிஷம் வச்சிடணும். உப்பு பாட்டில் சுவத்துல ஒட்டினா தானியத்துல ஈரம் 15 சதவீதத்துக்கு மேல இருக்கு, இன்னும் காயணும். ஒட்டாம அடில விழுந்தா ஓரளவு காஞ்சிடுச்சுன்னு அர்த்தம். முதல் தடவை நானே லேப்ல மீட்டரையும் பக்கத்துல வச்சு இதைப் பண்ணிப் பார்த்தேன், உப்பு கண்ணாடில அப்படியே பனி மாதிரி ஒட்டி நின்னுச்சு, மீட்டர்ல 17. லட்சக்கணக்குல விலை உள்ள கருவி பக்கத்துல நின்னுட்டு அந்த பாட்டிலையே பார்த்துட்டு இருந்தேன் ரொம்ப நேரம்.

இப்ப நெல்லுக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இதுதான். காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுற முறை. 30 சென்டிமீட்டர் நீளத்துல ஒரு பிளாஸ்டிக் குழாய், சுத்தி ஓட்டை, பாதி மண்ணுக்குள்ள, பாதி வெளிய. வயல்ல தண்ணி வத்தி குழாய்க்குள்ள மண்மட்டத்துக்குக் கீழ 15 சென்டிமீட்டர் இறங்கினதும் மறுபடி பாய்ச்சணும், பூக்குற சமயத்துல மட்டும் தண்ணி நிக்கணும். தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சம், மகசூல் பெருசா குறையறதில்ல, காத்தோட்டம் இல்லாத சேத்துல நுண்ணுயிர் உண்டாக்குற, பூமியைச் சூடாக்குற மீத்தேன் வாயு பாதியளவுக்குக் குறையுது. இதுவரைக்கும் எல்லாரும் சொல்வாங்க. சொல்லாம விடுறது என்னன்னா, தண்ணி நின்னுட்டே இருக்கிற மண்ணுல இரும்போட ஒட்டியிருக்கிற ஆர்சனிக்ங்கிற விஷம் கரைஞ்சு வேர் வழியா அரிசிக்குள்ள ஏறுது, இடைல காய விட்டா அதுவும் குறையுது. ஒரே குழாய், தண்ணியும் மிச்சம், வானத்துக்கும் நல்லது, அரிசியும் சுத்தம்! ஆனா இங்கயும் ஒரு சிக்கல் உண்டு, மண்ணை ரொம்ப காய விட்டா காட்மியம்ங்கிற நச்சு உலோகம் கரைஞ்சு ஏற ஆரம்பிக்கும். அதனால எந்த மண்ணுல என்ன இருக்கு, எவ்ளோ காய விடலாம்னு ஒவ்வொரு பகுதிலயும் ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்ல முடியும்.

இதைத்தான் நான் கத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன். தண்ணி ஆராய்ச்சி ஒரு ரூம்ல, மண் ஆராய்ச்சி ஒரு ரூம்ல, உணவுப் பாதுகாப்பு இன்னொரு கட்டடத்துல, பருவநிலை வேற ஊர்ல, ஒருத்தர் ஃபைலை ஒருத்தர் பார்க்கிறதே இல்ல. நெல்லுச் செடிக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாதுங்க. அது தண்ணியையும் ஆர்சனிக்கையும் ஒரே வேர்லதான் உறிஞ்சுது. தண்ணி மிச்சம் பண்ற திட்டத்துக்கு காசு குடுக்கிறவங்க அந்த வயல்ல விளைஞ்ச அரிசியையும் டெஸ்ட் பண்ணிக் காட்டுன்னு ஒரு வரி சேர்த்தா போதும், எவ்ளோ தெரிய வரும்!

இயற்கைன்னா எல்லாம் பத்திரம்னு ஒரு கூட்டம், புது டெக்னாலஜின்னா எல்லாம் சரியாயிடும்னு ஒரு கூட்டம், ரெண்டு பேரும் கமெண்ட்ல வந்து சண்டை போடாதீங்க ப்ளீஸ். அஃப்லாடாக்சின் முழுக்க முழுக்க இயற்கைதான். பூச்சிக்கொல்லி ஒரு காலத்துல புது டெக்னாலஜிதான். இந்தோனேசியால நெல்லுக்கு அரசாங்கமே மானியத்துல பூச்சிக்கொல்லி குடுத்துச்சு, அடிக்க அடிக்க நெல்லுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சி கூடிட்டே போச்சு. ஏன்னு வயல்ல இறங்கிப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது, புகையானைத் தின்னுட்டு இருந்த சிலந்தியெல்லாம் மருந்துல செத்துப்போச்சு, இலையுறைக்குள்ள இருந்த புகையான் முட்டை மட்டும் தப்பிச்சிருச்சு. 1986ல நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை பண்ணாங்க, மானியத்தையும் படிப்படியா எடுத்துட்டு அந்தக் காலகட்டத்துலயே வயல்வெளிப் பள்ளிகளை ஆரம்பிச்சாங்க. விவசாயிங்க வாராவாரம் ஒண்ணா வயல்ல இறங்கி எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தின்னு எண்ணி, வரைஞ்சு, பேசி அவங்களே முடிவெடுத்தாங்க. விளைச்சல் சரிஞ்சு விழலை. விவசாயியையே ஆராய்ச்சியாளரா உக்கார வச்ச அந்த யோசனை எந்தக் கருவிக்கும் குறைஞ்ச கண்டுபிடிப்பு இல்லன்னு நான் நினைக்கிறேன்.

நார்வே மீன் பண்ணை கதையும் அப்படித்தான். 1987 வாக்குல சால்மன் மீனுக்கு வருஷத்துக்கு 50 டன் கிட்ட ஆன்டிபயாடிக் போட்டாங்க, தடுப்பூசி கண்டுபிடிச்சு பண்ணை நடத்துற முறையையும் மாத்துனதுக்கு அப்புறம் உற்பத்தி பல மடங்கு ஆகி 10 லட்சம் டன்னைத் தாண்டியும் ஆன்டிபயாடிக் ஒரு டன்னு அளவுக்கு இறங்கிடுச்சு. மீன்ல மருந்து எச்சம் இருக்கான்னு கடைசில டெஸ்ட் பண்ணிட்டே இருந்தா இது நடந்திருக்குமா?

அப்புறம் காலம். ஆராய்ச்சிக்கு மூணு வருஷம் காசு குடுத்துட்டு ரிசல்ட் எங்கன்னு கேட்கிற பழக்கம் இருக்கே, அதுதான் எனக்கு ரொம்ப வேதனை. இங்கிலாந்துல ராதம்ஸ்டட்ல 1843ல ஆரம்பிச்ச கோதுமை வயல் சோதனை இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. அங்க எடுத்த மண்ணு, தானியம், வைக்கோல் எல்லாத்தையும் பாட்டில்ல போட்டு மூடி வச்சிருக்காங்க, கிட்டத்தட்ட 3 லட்சம் சாம்பிள். அதை மூடி வச்சவங்களுக்கு காட்மியம் ஒரு பிரச்சனை ஆகும்னு தெரியாது. நூறு வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தர் அந்த பாட்டிலைத் திறந்து மண்ணுல காட்மியம் எப்படி ஏறிட்டே வந்திருக்குன்னு அளந்து பார்க்க முடிஞ்சுது. பேரு வாங்காம பாட்டில் மூடி வச்ச அந்தக் கைகளை நினைச்சா எனக்குக் கண்ணு கலங்கும்.

உலகத்துல வருஷத்துக்கு 60 கோடி பேர் கெட்ட உணவால நோய்ல விழுறாங்க, 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் சாகுறாங்க, அதுல 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்கன்னு 2015ல உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுச்சு. அந்தக் குழந்தைங்க சாப்பிட்டதுல எவ்ளோ எந்த லேபுக்கு வந்திருக்கும்?

கொஞ்ச நாள் முன்னாடி வயசான விவசாயி ஒருத்தர் ரிப்போர்ட்டை வாங்கிட்டு அங்கயே பெஞ்ச்ல உக்காந்துட்டார். மக்காச்சோளம், வரம்புக்கு மூணு மடங்கு மேல. "ஏம்மா, கெட்டதுன்னு போட்டுட்ட, சரி. அடுத்த தடவை நான் என்ன பண்ணணும்னு இதுல எங்க போட்டிருக்கு?"ன்னு பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கயும் இல்ல. அப்படி ஒரு கட்டமே அந்த ஃபாரத்துல கிடையாது. "உக்காருங்கய்யா, சொல்றேன்"னு அவர் பக்கத்துல உக்காந்து, அறுவடையைத் தள்ளிப் போடாதீங்க, மண்ணுல போடாம தார்ப்பாய்ல காயவைங்க, உடைஞ்சது, நிறம் மாறினது, சுருங்கினது எல்லாத்தையும் பொறுக்கி எடுங்கன்னு ரிப்போர்ட் பின்பக்கத்துலயே பேனால எழுதிக் குடுத்தேன். உப்பு பாட்டிலையும் வரைஞ்சு காட்டினேன். அதை மடிச்சு சட்டைப்பைல வச்சுட்டுப் போனார்.

அன்னைலேர்ந்து வரம்பைத் தாண்டுற எந்த ரிப்போர்ட்டா இருந்தாலும் பின்பக்கம் எழுதாம நான் குடுக்கிறதில்ல. ஃபாரத்துல அந்தக் கட்டத்தையே சேர்க்கச் சொல்லி மேலிடத்துக்கு லெட்டர் போட்டிருக்கேன், ரெண்டு தடவை போட்டாச்சு, மூணாவது இந்த வாரம் போடுறேன்.