செல்போனும் ஏழு நாள் பிரஷர் கணக்கும்

கேமரா மேல் விரலை வைத்தால் அரை நிமிடத்தில் பிரஷர் சொல்லிவிடும் என்று ஆப் விளம்பரங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் யார் போனிலாவது அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் 2014, 2015-இல் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்றொரு ஆப் லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை, கையில் பட்டை (கஃப்) கட்டிக் காற்றடித்து அளக்கும் கஃப் மெஷினோடு ஒப்பிட்டு 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பிரஷர் கூடுதலாக இருந்த பத்துப் பேரில் கிட்டத்தட்ட எட்டுப் பேருக்கு அந்த ஆப் 'பிரச்சினை இல்லை' என்று காட்டியிருந்தது. மாத்திரை தேவைப்படுகிறவரை மாத்திரையிலிருந்து விலக்கி வைக்கிற வேலை இது.

காரணம் எளிது. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கேமரா பார்ப்பது, ஒவ்வொரு துடிப்புக்கும் விரல் நுனியில் ரத்தம் ஏறி இறங்கும்போது உண்டாகும் நிற மாற்றத்தைத்தான். அதை வைத்து நாடித்துடிப்பை எண்ணலாம். விரல் சில்லென்று இல்லாமல், ஆடாமல் இருந்தால் அந்த எண்ணிக்கை நன்றாகவே வரும். ஆனால் ரத்தக்குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு என்று அறிய, வெளியிலிருந்து ஒரு அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கஃப் காற்றை நிரப்பிக் குழாயை அமுக்கி, மெல்ல விடும்போது எழும் அதிர்வுகளை வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. பிரஷர் காட்டும் ஸ்மார்ட் வாட்சுகளிலும் கஃப் இல்லாமல் ஆகாது. சாம்சங் வாட்சை 28 நாளுக்கு ஒருமுறை கஃப் மெஷினோடு சரிபார்த்தாக வேண்டும். கொரோனா நாட்களில் சுற்றிய ஆக்சிஜன் ஆப்களையும் நம்பக் கூடாது. விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டருக்குச் சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளி வேண்டும், போன் ஃப்ளாஷில் இருப்பது வெள்ளை வெளிச்சம் மட்டும். ஊசி குத்தாமல் சுகர் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் வாங்காதீர்கள் என்று, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

அப்படியானால் செல்போனின் பயன்தான் என்ன? பெரிய பயன் இருக்கிறது, அது அளப்பதில் இல்லை, கணக்கு வைப்பதில். டாக்டர் அறையில் எடுக்கும் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து மாத்திரை கூட்டுவதும் குறைப்பதும் நம் ஊரில் தினமும் நடக்கிறது. சிலருக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே பிரஷர் ஏறும். சிலருக்கு அங்கே நார்மலாக இருந்து வீட்டில் ஏறியே கிடக்கும், இது இன்னும் ஆபத்து. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வீட்டு ரீடிங்தான். பிரிட்டனில் 1,182 பேரை வைத்து நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நோயாளிகள் வீட்டில் எடுத்த ரீடிங்கைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றியபோது, ஓராண்டில் பிரஷர் மற்றவர்களைவிட நன்றாக இறங்கியிருந்தது. போன் வழியாக ரீடிங் அனுப்பியவர்களுக்குச் சீக்கிரமே இறங்கியது. டாக்டர் பார்த்து மருந்தை மாற்றினார் என்பதுதான் இங்கே முக்கியம். ரீடிங் போனிலேயே தூங்கினால் பிரஷர் இறங்காது.

முதலில் கஃப். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பால் கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். மெஷினோடு வருகிற கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கு. சுற்றளவு அதற்கு மேல் போனால் பெரிய கஃப் தனியாக வாங்க வேண்டும். கஃப் சின்னதாக இருந்தால், இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். மணிக்கட்டு மெஷினைவிட மேல்கை மெஷின் நல்லது. முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள், கூடுதலாகக் காட்டிய கையிலேயே தொடருங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கையில் கஃப் கட்டவே கூடாது.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, புகை, நடைப்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். நம் வீடுகளில் பெரிய தவறு நடப்பது இங்கேதான். தரையில் சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, டிவி பார்த்தபடி எடுப்பார்கள். கஃப் நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 புள்ளி கூடிவிடும். பேசினால் இன்னும் ஏறும். கையை மேஜைமேல் ஒரு தலையணை போட்டு நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்துங்கள். சட்டைக் கையையோ ஜாக்கெட் கையையோ இறுக்கமாகச் சுருட்டி மேலே ஏற்றாதீர்கள், அது கையைப் பிடிக்கும். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும்.

காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். மாலையிலும் அதேபோல் இரண்டு. ஏழு நாளில் 28 ரீடிங். முதல் நாளின் நாலை விட்டுவிட்டு, மீதி 24-க்குச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் பிரஷர் இருக்கிறது என்று பொருள். ஒரு நாள் 150 காட்டியதற்குப் பதறவும் வேண்டாம், ஒரு நாள் 118 காட்டியதற்கு மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

இனி போன் பக்கம். காலை, மாலை இரண்டு அலாரம். கூகுள் ஷீட்டில் தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, நாடி, மாத்திரை போட்டதா என்று ஆறு கட்டம். சராசரியை ஷீட்டே போட்டுத் தரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்டால் அவர்களும் பார்க்கலாம். ரீடிங்கைத் தானாகவே போனுக்கு அனுப்பும் ப்ளூடூத் மெஷின் இருந்தால் எழுதுகிற வேலை இல்லை, ஆனால் இரண்டு இடத்தில் குழப்பும். ஒன்று, ஒரே மெஷினைக் கணவனும் மனைவியும் பயன்படுத்தும்போது ஆள் பட்டனை மாற்ற மறந்து, ஒருவர் ரீடிங் மற்றவர் கணக்கில் விழும். இன்னொன்று, பேட்டரி மாற்றியதும் மெஷினின் கடிகாரம் தவறிப்போய், காலை ரீடிங் ராத்திரிக் கணக்கில் ஏறிவிடும். பேட்டரி போட்ட கையோடு தேதியைச் சரிபாருங்கள். ஆப் லொகேஷன் அனுமதி கேட்டால், பழைய ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் தேடலுக்கு அது தேவை, கொடுக்கலாம். கான்டாக்ட்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டாக்டருக்கு 28 போட்டோவை வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள், யாராலும் பார்க்க முடியாது. ஒரே வரி போதும்: "காலை சராசரி 142/88, மாலை 136/84, நாடி 76, புதன் அன்று மாத்திரை விட்டுப்போனது." இந்த ஒரு வரியில் காலையில் மருந்தின் வேகம் குறைந்திருக்கலாம் என்பது அவர் கண்ணில் படும். அதிகமாக வந்த ரீடிங்கை நீக்கிவிட்டு நல்லதை மட்டும் அனுப்புவது உங்கள் மருத்துவத்தைத்தான் கெடுக்கும். மருந்தளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

180/120-க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், பார்வை மங்கல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டாவது ரீடிங்குக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் திரும்பவும் அதே அளவு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு மெஷின் ரீடிங்குக்கு ரீடிங் வித்தியாசம் காட்டும். அவர்கள் மூன்று முறை எடுப்பது நல்லது. வருடத்துக்கு ஒருமுறை மெஷினையும் பையில் போட்டு எடுத்துப்போய், டாக்டரின் மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் எடுத்த ரீடிங்குகள் தொடர்ந்து 10 புள்ளிக்கு மேல் விலகினால், முதலில் கஃப்பை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு மெஷினை.