கைமீறிப் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை 'பாராசைட்' அனிமேவை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரை, தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். (ஆஸ்கர் வாங்கிய கொரியப் படம் வேறு, இது ஜப்பான்.) ஆரம்பத்திலேயே ஒரு கணவனின் தலை பிளந்து, எதிரில் நிற்கும் மனைவியைக் கவ்வும். "சாப்பிடுற நேரத்துல இதெல்லாம் தேவையா?" என்று தட்டோடு எழுந்து போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ரத்தத்தோடு நிறுத்தியவர்களுக்கு இந்தத் தொடரின் நிஜமான பயம் கண்ணிலேயே பட்டிருக்காது.

கதை இதுதான். புழு மாதிரியான உயிர்கள் தூங்குகிறவர்களின் காது, மூக்கு வழியாகப் புகுந்து மூளையைத் தின்று தலையையே பிடித்துக்கொள்கின்றன. ஷின்இச்சி என்ற பள்ளி மாணவன் காதில் இயர்போன் மாட்டியபடியே தூங்கிவிடுகிறான். காது அடைப்பு, மூக்கில் நுழையப் பார்த்தால் தும்மல். கடைசியில் அது வலது கையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. பையன் இயர்போன் வயரையே எடுத்து கையை இறுக்கிக் கட்டிவிடுகிறான். ப்ளூடூத் இயர்போனாக இருந்திருந்தால் முதல் எபிசோடிலேயே கதை முடிந்திருக்கும்! ஓடி வந்த அப்பா அம்மாவிடம் "பாம்பு" என்கிறான். கெட்ட கனவு என்று அவர்கள் போய்விடுகிறார்கள்.

மூளைக்குப் போக வேண்டியது கையிலேயே மாட்டி, அங்கேயே வளர்ந்து, கையாகவே ஆகிவிடுகிறது. பெயர் மிகி. ஜப்பானிய மொழியில் 'மிகி' என்றால் வலது. கைமீறிப் போவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம், இங்கே அது அப்படியே நடக்கிறது.

எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்தக் கை புத்தகம் கேட்கிறது. உள்ளங்கையில் கண்களை முளைக்கவிட்டு உட்கார்ந்து படிக்கிறது, மொழி கற்றுக்கொள்கிறது. பிறகு அமைதியாகப் பேசுகிறது. கோபம் இல்லை, வன்மம் இல்லை. நீ செத்தால் நானும் சாவேன், அதனால் உன்னைக் காப்பாற்றுகிறேன், அவ்வளவுதான் கணக்கு. தன்னைக் காட்டிக்கொடுக்க நினைத்தால் என்ன ஆகும் என்று மிரட்டுவதும் அதே குரலில். நீ ஒரு பிசாசு என்று பையன் கத்தினால், புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, பிசாசு என்பதற்கு மனிதர்கள்தான் நெருக்கமாக வருகிறார்கள் என்கிறது. குத்தல் பேச்சு இல்லை, தேடியதில் கிடைத்த பதிலைச் சொல்கிறது, அவ்வளவே. ஹிரானோ ஆயாவின் குழந்தைத்தனமான குரல் இதற்கு அவ்வளவு பொருத்தம். கரகரத்த அரக்கக் குரல் கொடுத்திருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

இவாகி ஹிதோஷியின் மூல மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 1990களின் முற்பாதியில் வந்து கொண்டிருந்தது. 1993இல் மங்காக்களுக்கான கோடான்ஷா விருது வாங்கியது. மேட்ஹவுஸ் நிறுவனம் 2014இல்தான் அனிமே ஆக்கியது, 24 எபிசோட். கையில் ஸ்மார்ட்போன், மூக்கில் கண்ணாடி என்று ஷின்இச்சியை மாற்றிவிட்டார்கள் என மங்கா ரசிகர்கள் முணுமுணுப்பதுண்டு. எனக்குக் கண்ணாடியில் பிரச்சினை இல்லை. சோடாபுட்டிப் பையனாக ஆரம்பித்தால்தானே பின்னால் அவன் மாறுவது தெரியும்? என் புகார் இசை மேல். நெஞ்சு படபடக்க வேண்டிய இடத்தில் டப்ஸ்டெப் என்ற அதிரும் எலக்ட்ரானிக் இசையைப் போட்டு உலுக்குகிறார்கள். பல காட்சிகளில் ஒலியைக் குறைத்துக்கொண்டேன்.

எபிசோட்களுக்கு இலக்கியப் படைப்புகளின் பெயர்களை வைத்திருப்பது இன்னொரு குறும்பு. முதலாவது 'உருமாற்றம்', காஃப்காவுடையது. தூங்கி எழுந்தால் உடம்பு தன்னுடையதாக இல்லை என்ற கதைக்கு வேறென்ன வைப்பது! மூன்றாவது பிளேட்டோவின் 'சிம்போசியம்', விருந்தில் கூடி உட்கார்ந்து பேசுகிறவர்களின் உரையாடல் நூல். அந்த எபிசோடிலும் மூவர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள், அதில் இருவர் மனிதர்களே இல்லை.

அந்த மேசையில் என்ன பேசுகிறார்கள் என்று கமெண்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். தங்கை நேற்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் இரண்டாவது எபிசோட் வரை பார்த்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்த பிறகுதானாம்.