டிமிட்டர் என்ற பெயரும் ‘சோம்பேறி’ என்ற பழியும்

பல்கேரியக் கால்பந்து ஆட்டக்காரர் டிமிட்டர் பெர்பட்டோவ் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் “நல்ல ஆட்டக்காரன்தான், ஆனா சோம்பேறி” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வேறு அணி ரசிகர்கள் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் ஆட்களே சொல்வதைக் கேட்கும்போதுதான் கோபம் வருகிறது. ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு தவறான ஒரு வார்த்தை இத்தனை வருடமாக ஒட்டிக்கொண்டிருப்பது அநியாயம். அவரை மட்டும் வைத்துப் பேசினால் இது முழுதாகப் புரியாது. அதே பெயர் கொண்ட இன்னொரு மனிதரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட்டத்தட்ட இதே பழியை அவரும் சுமந்தார், அவர் இல்லையென்றால் இவரே வந்திருக்க மாட்டார்.

டிமிட்டர் என்பது பல்கேரியாவில் தடுக்கி விழுந்தால் காதில் விழும் பெயர். கியோர்கி, இவான், டிமிட்டர் – ஆண்களின் பெயர்களில் முன்வரிசை இதுதான். செல்லமாக மித்கோ. அக்டோபர் 26 புனித டிமிட்டர் நாள், அன்றைக்கு அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோருக்கும் பெயர் நாள், வீட்டுக்கு அழைப்பு இல்லாமலே விருந்தாளிகள் வருவார்கள். பழைய காலத்தில் மே 6-ம் தேதி ஜார்ஜ் நாளன்று வேலைக்குச் சேர்ந்த ஆட்டிடையர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் இந்த நாளில்தான் கணக்கு முடித்துக் கூலி கொடுப்பார்களாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நம்மைப் போலவே அங்கேயும் உண்டு, அதனால் பெயர் தலைமுறை தாண்டி வந்துகொண்டே இருக்கும்.

விளையாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு டிமிட்டர் நிற்பார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் தங்கம் வாங்கியவர் டிமிட்டர் டோப்ரெவ். 1980 மாஸ்கோவில் ஆண்கள் வாலிபாலில் பல்கேரியா வெள்ளி வாங்கியபோது அந்த அணியில் டிமிட்டர் ஸ்லாட்டனோவ் இருந்தார். அவர் மகன் ஹிரிஸ்டோ பிறகு இத்தாலிக்காக ஆடினார், அது தனிக்கதை. டென்னிஸில் நாம் பார்க்கும் கிரிகோர் டிமிட்ரோவின் அப்பா பெயரும் டிமிட்டர்தான், ஹாஸ்கோவோ ஊரில் டென்னிஸ் பயிற்சியாளர், மகனுக்கு மட்டையைக் கையில் கொடுத்தவரே அவர்தான்.

சரி, கால்பந்துக்கு வருவோம். நான் சொல்ல வந்த முதல் ஆள் டிமிட்டர் பெனெவ்.

1994 உலகக் கோப்பை என்றால் எல்லோருக்கும் ஹிரிஸ்டோ ஸ்டாய்ச்கோவ்தான் ஞாபகம் வருவார். வரட்டும், தப்பில்லை. 6 கோல், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியில் பங்கு, ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான அந்த வருடத்தின் பாலன் தோர் விருது, இடது காலில் இடி இடித்த மனிதர். ஆனால் அந்தப் பல்கேரிய அணியின் பெஞ்சில் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் பல்கேரியா ஐந்து உலகக் கோப்பைகளில் 16 ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயித்ததில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்றில்கூட! பெனெவின் அணி முதல் ஆட்டத்தில் நைஜீரியாவிடம் 3-0 என்று உதை வாங்கியது. அப்புறம் கிரீஸை 4-0, அர்ஜென்டினாவை 2-0, மெக்சிகோவைப் பெனால்டியில், கடைசியில் நடப்புச் சாம்பியன் ஜெர்மனியை 2-1. மத்தேயுஸ் பெனால்டியில் ஜெர்மனி முன்னிலை, 75-வது நிமிடத்தில் ஸ்டாய்ச்கோவின் ஃப்ரீ கிக், மூன்றே நிமிடம் கழித்து லெச்கோவ் பாய்ந்து அடித்த தலைப்பந்து. அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்று நான்காவது இடம்.

இவ்வளவும் நடந்த பிறகு பெனெவைப் பற்றிப் பலர் சொன்னது என்ன தெரியுமா? அவர் ஒன்றும் செய்யவில்லை, நல்ல ஆட்டக்காரர்கள் அமைந்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று. அணி நீச்சல் குளத்தருகே உட்கார்ந்து பீர் குடித்தது, சீட்டாடியது, சிகரெட் பிடித்தது என்று கதை கதையாகச் சொல்வார்கள், ஏதோ பயிற்சியாளர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதுபோல. எனக்கு இது சுத்தமாக ஒத்துவராத வாதம். அந்த அணியில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஸ்டாய்ச்கோவ் ஒரு எரிமலை. 1985-ல் பல்கேரியக் கோப்பை இறுதிப் போட்டியில் நடந்த அடிதடிக்காக ஆயுள் தடை வாங்கி, அது குறைக்கப்பட்டு மறுபடி வந்தவர். பார்சிலோனாவில் நடுவர் காலையே மிதித்தவர். இப்படிப்பட்ட ஒருவரையும், அவருக்குக் கொஞ்சமும் இளைக்காத இன்னும் ஏழெட்டுப் பேரையும் அமெரிக்க வெயிலில் ஒரு மாதம் ஒன்றாக வைத்திருந்து, களத்தில் ஒருவருக்காக ஒருவரை ஓட வைப்பது சும்மா நடக்கிற காரியமா? எங்கே கயிற்றை விட வேண்டும் என்று தெரிந்திருப்பதும் வேலைதான். சொல்லப்போனால் அதுதான் கஷ்டமான வேலை.

அவர் ஒன்றும் தெரியாத ஆளும் இல்லை. தேசிய அணிக்கு 90 ஆட்டம் ஆடிய தடுப்பாட்டக்காரர். ஆட்டக்காரராகத் தலைநகர் கிளப்பான சிஎஸ்கேஏ சோபியாவில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். 1973-ல் மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பியச் சாம்பியனான அயாக்ஸை வெளியே அனுப்பியது அவர் ஆடிய சிஎஸ்கேஏ அணிதான். அந்த இரவில் முதல் கோலை அடித்தவரும் ஒரு டிமிட்டர்தான், டிமிட்டர் மராஷ்லியெவ். பிறகு பயிற்சியாளராகி அதே கிளப்பில் ஸ்டாய்ச்கோவ், எமில் கோஸ்டாடினோவ், தன் அண்ணன் தம்பி வழியில் மகன் முறையான லுபோஸ்லாவ் பெனெவ் மூன்று பேரையும் ஒன்றாக முன்வரிசையில் இறக்கினார். 1989-ல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை அரையிறுதியில் அந்த அணி பார்சிலோனாவிடம் தோற்றது, ஆனால் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஸ்டாய்ச்கோவ் மூன்று கோல் போட்டார். எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் பார்சிலோனா பயிற்சியாளர் கிரைஃப். அடுத்த வருடம் ஸ்டாய்ச்கோவ் பார்சிலோனாவில். 1993 நவம்பரில் பாரிஸில் நடந்த தகுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பிரான்ஸை உலகக் கோப்பைக்குப் போகவிடாமல் செய்த அந்தக் கோல், லுபோஸ்லாவ் தூக்கிப் போட்ட பந்தைக் கோஸ்டாடினோவ் ஓடிப்போய் அடித்தது. இரண்டு பேருமே அவர் வளர்த்த பிள்ளைகள். இதைச் செய்த மனிதரைத்தான் ஒன்றும் செய்யாதவர் என்கிறார்கள்.

இப்போது இரண்டாவது டிமிட்டர். பிளாகோயெவ்கிராட் ஊரில் 1981-ல் பிறந்த பையன். அப்பா இவான் கால்பந்து ஆட்டக்காரர், அம்மா ஹேண்ட்பால் ஆடியவர். பதினேழு வயதில் அந்தப் பையனைச் சிஎஸ்கேஏவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது யார்? டிமிட்டர் பெனெவேதான். ஸ்டாய்ச்கோவைப் போல நெருப்பாக ஓடுகிறவனிடமும் திறமையைப் பார்த்தார், பந்து வரும்வரை அசையாமல் நிற்கிற இந்தப் பையனிடமும் பார்த்தார்.

அங்கிருந்து லெவர்குசன், டாட்டன்ஹாம், 2008-ல் மூன்று கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து மான்செஸ்டர் யுனைடெட். அந்த அக்டோபரில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக அவர் செய்த ஒன்றைத் தேடிப் பாருங்கள். பந்து கோல் கோட்டை ஒட்டி வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வெஸ்ட் ஹாம் தடுப்பாட்டக்காரர் காலின்ஸ், பந்து போய்விடும் என்ற நினைப்பில். பெர்பட்டோவ் கோட்டின் மேலேயே பந்தைக் காலால் அணைத்து, அதே அசைவில் உடம்பைச் சுற்றித் திருப்பி, காலின்ஸைத் தாண்டி உள்ளே வந்து, ரொனால்டோவுக்குத் தட்டிவிடுகிறார், கோல். அதில் வேகம் எங்கே இருக்கிறது? கால் விரலில் இருக்கிறது, தலைக்குள் இருக்கிறது. ஆனால் ஓடிய தூரத்தைக் கணக்கு எடுக்கிறவன் ஏட்டில் அது மூன்று நான்கு அடிதான்.

2010 செப்டம்பரில் லிவர்பூலுக்கு எதிராக மூன்று கோல். அதில் இரண்டாவது: நானி கொடுத்த பந்து, கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், தொடையில் வாங்கி மேலே ஏற்றி, தலைக்கு மேலாகப் பின்பக்கம் உதைக்கிறார், குறுக்குக் கம்பியின் அடியில் பட்டு உள்ளே. நவம்பரில் பிளாக்பர்னுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று அவர் சொந்தப் பாதியில் அவரே தொடங்கிவைத்த நகர்வு, மைதானம் முழுக்க ஓடி வந்து அவரே முடித்தார். சோம்பேறியாம்! அந்த சீசனில் 20 கோல், டெவெஸுடன் பகிர்ந்து பிரீமியர் லீகின் அதிக கோல் அடித்தவர், யுனைடெட் சாம்பியன். அதே சீசனின் முடிவில் வெம்ப்ளியில் பார்சிலோனாவுடன் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. பெஞ்சில்கூட அவருக்கு இடம் கொடுக்கவில்லை ஃபெர்குசன். மைக்கேல் ஓவனுக்குக் கொடுத்தார். ஃபெர்குசன் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த ஒரு முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, இன்றைக்கும். 3-1 என்று தோற்ற ஆட்டத்தில், பந்தே காலுக்குக் கிடைக்காத ஒரு ராத்திரியில், கிடைத்த பந்தைத் தொலைக்காமல் வைத்திருக்கத் தெரிந்த ஒருவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. 2009 எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் எவர்டனுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி மோசம்தான், கோல்கீப்பர் ஹோவர்டு கைக்கே தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. பந்து போனால் துரத்திப் போய் பிடுங்குகிற ஆளும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் யுனைடெட்டில் ரூனி, பார்க் என்று போதுமான அளவு இருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வியர்வை சிந்தித்தான் ஆக வேண்டும் என்றால் பதினொரு பார்க்கை வைத்து ஆடிக்கொள்ளலாமே. முகத்தில் பதற்றம் தெரியாவிட்டால் மனதில் அக்கறை இல்லை என்று முடிவு கட்டுகிற பழக்கம் நம்மிடம் அலுவலகத்திலிருந்து வீடுவரை இருக்கிறது, அதையே மைதானத்துக்கும் கொண்டுபோகிறோம்.

பல்கேரிய அணிக்கு அவர் செய்ததைப் பார்த்தால் இந்தப் பேச்சு இன்னும் கசக்கிறது. 78 ஆட்டம், 48 கோல். அவர் காலத்து அணியில் ஒரு ஸ்டாய்ச்கோவோ லெச்கோவோ பக்கத்தில் இல்லை. 2004 யூரோவுக்குப் போனதுதான் கடைசி, அதற்குப் பிறகு பல்கேரியா எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை, அந்த 2004-லும் மூன்று ஆட்டமும் தோல்வி. இப்படி ஒரு அணியில் நின்று 48 கோல். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஏழு முறை, ஸ்டாய்ச்கோவைவிட அதிகம்.

கொச்சிக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆட வந்தபோது அவருக்கு 36 வயது, காயம் வேறு. கால் ஓய்ந்துபோன வயதில் வந்தவரை அந்த சில ஆட்டங்களை வைத்து எடை போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு டிமிட்டரையும் விட மனமில்லை. கோல்கீப்பர் டிமிட்டர் இவான்கோவ். பெனால்டி அடிக்க முன்னால் போய், அடித்துவிட்டுத் திரும்பத் தன் இடத்துக்கு ஓடிவருகிற கோல்கீப்பர், வாழ்நாளில் நாற்பதுக்கு மேல் கோல். 2008 துருக்கிக் கோப்பை இறுதியில் கைசேரிஸ்போர் பெனால்டியில் 11-10 என்று ஜெயித்தபோது தடுத்தவரும் அவர், அடித்தவரும் அவர். இரண்டு வருடம் கழித்து பர்சாஸ்போர் முதன்முறையாக லீக் சாம்பியன் ஆனபோதும் கோலில் நின்றது அவரே. பெர்பட்டோவ் காலத்துத் தேசிய அணியில் இப்படி ஒருவர் பின்னால் நின்றார் என்பது ஒரு ஆறுதல்.

கடைசியாக ஒன்று. 94 அணியின் கோல்கீப்பர் போரிஸ்லாவ் மிஹைலோவ் பிறகு பல்கேரியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார், பல வருடம் இருந்தார், ரசிகர்கள் வெறுத்துப்போகும் அளவுக்கு இருந்தார். 2023 நவம்பரில் சோபியாவில் ரசிகர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், அப்புறம்தான் பதவி விலகினார். அதற்கு முன்பே, 2021-ல், அவரை எதிர்த்துத் தலைவர் தேர்தலில் நின்றவர் பெர்பட்டோவ். தோற்றார். 2024-ல் மறுபடி நின்றார், இந்த முறை லெவ்ஸ்கி கிளப்பின் முன்னாள் ஆட்டக்காரர் கியோர்கி இவானோவிடம் தோற்றார். பணத்துக்குக் குறைவில்லாத, உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க எல்லா வசதியும் உள்ள ஒருவர், சிதைந்துபோன ஒரு சங்கத்தைச் சரிசெய்யும் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று இரண்டு முறை போய்க் கேட்டிருக்கிறார். மூன்றாவது முறையும் அவர் கேட்க வேண்டும், அந்த முறையாவது அவர்கள் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.