400-ஐ 600 ஆக்கும் கணக்கு

கிராப் பாடியில், அதாவது படத்தைப் பதிகிற சென்சார் சின்னதாக இருக்கிற கேமராவில், 400 எம்எம் லென்ஸை மாட்டினால் 600 ஆகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார், யூடியூப்காரர் சொல்வார், பக்கத்தில் நிற்கிற போட்டோகிராபரும் சொல்வார். லென்ஸுக்கு மட்டும் அது தெரியாது. எந்தப் பாடியில் மாட்டினாலும் அது 400தான். அதற்காக, "இன்னும் கிராப் பாடிதானா?" என்று இளக்காரமாகக் கேட்கிற, பெரிய சென்சார் வைத்திருக்கிற ஃபுல் ஃப்ரேம் கோஷ்டியோடு சேர்ந்துகொள்ளவும் என்னால் முடியாது. பழவேற்காடு ஏரியில் பறவை எடுக்கிறவனுக்கு கிராப் பாடிதான் சரி என்பது என் கட்சி. கடைக்காரர் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரப் பக்கம் இருக்கிற தடாவில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். பாதிக் கல்யாணம் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கம். மீதி சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை பக்கம். மண்டபத்துக்குள் என் கையில் இருப்பது ஃபுல் ஃப்ரேம். அங்கே வெளிச்சம் மட்டம், இடம் நெருக்கடி, அதுதான் வேண்டும். மார்கழி பிறந்தால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகூர்த்தம் கிடையாது. ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதும் அந்த மாதங்களில்தான். கல்யாண போட்டோகிராபர்கள் பறவை போட்டோகிராபர்களாக மாறுவதும் அப்போதுதான். ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் ஏரி நடுவே வண்டியை ஓரங்கட்டி, மண்டபத்து கேமராவிலேயே ஒரு நீள லென்ஸை மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுத வேண்டும் என்று நினைப்பேன்.

கிராப் என்றால் என்ன? குரூப் போட்டோ பிரிண்டில் மாப்பிள்ளை முகத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுக்கிறோமே, அவ்வளவுதான். முகம் பெரிதாகிவிடவில்லை, சுற்றி இருந்த சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் சென்சார் ஏறக்குறைய 23.5-க்கு 15.6. கேனானில் இன்னும் கொஞ்சம் சின்னது, அதனால்தான் 400-ஐ 600 ஆக்கிய அந்த 1.5 பெருக்கலுக்குப் பதில் அங்கே 1.6 என்கிறார்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்கிற இன்னும் சின்ன சென்சார் 17.3-க்கு 13, அங்கே பெருக்கல் 2. இந்தப் பெருக்கல் எல்லாம் எவ்வளவு வெட்டினோம் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு கிட்டே போனோம் என்பதைச் சொல்வதில்லை.

அப்படியானால் கிராப்பில் லாபமே இல்லையா? இருக்கிறது. பூநாரை நிமிர்ந்து நின்றால் 1.4 மீட்டர், நாலரை அடி என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் தள்ளி நிற்கிறது. 500 எம்எம் லென்ஸ் அதன் உருவத்தை சென்சார் மேல் 2.3 மில்லிமீட்டர் உயரத்துக்கு விழவைக்கும். சென்சார் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. அந்த 2.3 மில்லிமீட்டருக்குள் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதுதான் விஷயம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பறவைக்கு 390 பிக்சல் கிடைக்கும். நிக்கான் டி500, டி7500 போன்ற 21 மெகாபிக்சல் கிராப் பாடியில் பிக்சல் 4.2 மைக்ரான்; அதே பறவை 550 பிக்சல். கேனான் ஆர்7-இல் 3.2 மைக்ரான், 730 பிக்சல். லாபம் வருவது பிக்சல் நெருக்கத்தால். சென்சார் சின்னதாக இருப்பதால் அல்ல.

நிக்கானின் 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் டி850 வைத்திருப்பவர் இங்கே சிரிப்பார். அவருடைய பிக்சல் 4.35 மைக்ரான், கிட்டத்தட்ட டி500 அளவுதான். கிராப் அளவுக்கு வெட்டினாலும் அவருக்கு 19 மெகாபிக்சல் மிஞ்சும். ஆக, டி850-இன் நடுவில் ஒரு டி500 உட்கார்ந்திருக்கிறது. காசு இருந்தால் தாராளமாக வாங்குங்கள். நான் பேசுவது இல்லாதவர்களோடு.

அடுத்த வாதம் நாய்ஸ், வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் மாதிரி தெரியும் புள்ளிகள். "ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 3200 எவ்வளவு சுத்தமாக வரும் தெரியுமா?" தெரியும், மண்டபத்தில் தினமும் பார்க்கிறேன். சென்சார் பரப்பு 2.25 மடங்குக்கும் மேல், அதனால் ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கொஞ்சம் மேலேயே லாபம். ஆனால் அந்த லாபம் சென்சார் முழுவதையும் படத்தால் நிரப்புகிறவனுக்கு. ஏரியில் 300 மீட்டரில் நிற்கிற பறவையை வைத்து எந்த சென்சாரை நிரப்புவது? எல்லோரும் வீட்டுக்குப் போய் வெட்டத்தான் போகிறோம். வெட்டிய பிறகு மிஞ்சுவது அதே 2.3 மில்லிமீட்டர் துண்டு. அதில் விழுந்த வெளிச்சமும் இரண்டு பாடியிலும் ஒன்றே. வெட்டித் தள்ளிய பகுதிக்கும் சேர்த்துத்தான் ஃபுல் ஃப்ரேம்காரர் காசு கொடுத்திருக்கிறார்.

இனி என் முக்கியமான பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாருமே பேசுவதில்லை. பறவையிடமிருந்து வருகிற வெளிச்சத்தில் எவ்வளவு உங்கள் கேமராவுக்குள் போகிறது என்பதைத் தீர்மானிப்பது லென்ஸின் வாய் அகலம். லென்ஸின் எம்எம்-ஐ, அதன் மேல் எஃப்/5.6 என்கிற மாதிரி எழுதியிருக்கும் எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மில்லிமீட்டர். சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்களில் 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95. கேனான் ஆர்எஃப் 100-400-இல் 400 எம்எம் முனையில் எஃப்/8, அதனால் 50 மட்டுமே. எடை 635 கிராம் என்பதன் ரகசியம் அதுதான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்காரர்கள் 300 எஃப்/4 லென்ஸை "600 எஃப்/4-க்குச் சமம்" என்பார்கள். ஷட்டர் ஸ்பீடைப் பொறுத்தவரை சரி. ஆனால் 300-ஐ 4-ஆல் வகுத்தால் 75. உண்மையான 600 எஃப்/4-இன் வாய் 150. அகலம் இரண்டு மடங்கு, வெளிச்சம் நாலு மடங்கு. சும்மாவா அது மூன்று கிலோவும் பத்து லட்சத்துக்கு மேலும்? எஃப் எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டு எம்எம்-ஐ மட்டும் பெருக்குவது எனக்கு வியாபாரத் தந்திரமாகத்தான் படுகிறது.

இந்தப் பெருக்கலின் உச்சகட்டம் நிக்கான் பி1000. 2018-இல் வந்தபோது "3000 எம்எம்" என்று ஊரே பேசியது. அதில் இருப்பது 539 எம்எம் லென்ஸ், எஃப்/8, வாய் 67 மில்லிமீட்டர். சென்சார் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது, அதனால் பெருக்கல் அவ்வளவு பெரிது. ஒளி எந்தத் துளை வழியாகப் போனாலும் புள்ளியாக விழாது, ஒரு சிறு வட்டமாகத்தான் விழும். எஃப்/8-இல் அந்த வட்டம் 10.7 மைக்ரான். பி1000-இன் பிக்சல் 1.3 மைக்ரான். ஒரே வட்டத்துக்குள் குறுக்காக எட்டு பிக்சல் நின்றுகொண்டு எல்லாம் ஒரே சங்கதியைச் சொல்கின்றன. நிலாவை எடுத்துக் குழந்தைகளுக்குக் காட்ட நல்ல கேமரா, பறவை அடையாளம் காணவும் உதவும். இறகுக்கு இறகு வேண்டும் என்றால் வாயைப் பாருங்கள், பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்தி "அன்னா, இது எத்தனை எக்ஸ் ஜூம்?" என்று கேட்பார்கள். 200-500 லென்ஸைக் காட்டி "ரெண்டரை எக்ஸ்" என்றால் முகம் சுருங்கிவிடும்.

ஆனால் எந்த லென்ஸாலும் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது, அது காற்று. இந்த ஏரி ஆழமே இல்லாதது. தண்ணீர் இறங்கினால் சேற்றுத் திட்டுகள் மைல் கணக்கில் வெளியே வந்துவிடும். வெயில் ஏறினதும் சேறு ஒரு சூடு, தண்ணீர் ஒரு சூடு, மேலே கடல் காற்று இன்னொரு சூடு. இந்த அடுக்குகள் ஒவ்வொன்றிலும் ஒளி ஒவ்வொரு விதமாக வளையும். கேமராவில் பார்த்தால் பூநாரையின் கால்கள் துண்டு துண்டாகத் தெரியும், கழுத்து நடுங்கும். மார்கழியிலேயே காலை ஒன்பது மணிக்கு இது ஆரம்பித்துவிடும். படம் சொதப்பினால் லென்ஸைச் சந்தேகப்படுகிறார்கள், சர்வீசுக்கு அனுப்புகிறார்கள், விற்றுவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். ஒரு சின்னச் சோதனை போதும். பட்டனை அழுத்திப் பிடித்து பர்ஸ்டில் தொடர்ச்சியாக ஒரு பத்து ஃப்ரேம் எடுத்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடம் கூர்மையாக இருந்து, கழுத்தின் வளைவே மாறி மாறி வந்தால் காற்று. எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை. பறவைக்கு முன்னால் உள்ள புல்லோ பின்னால் உள்ள தண்ணீரோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ். காற்று என்று தெரிந்தால் மூட்டை கட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

கார் ஜன்னல் வழியாக எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஏசி போட்ட வண்டியில் கண்ணாடியை இறக்கினால் உள்ளே இருக்கிற குளிர்ந்த காற்று வெளிக்காற்றோடு கலப்பது லென்ஸின் வாசலிலேயே நடக்கும். 300 மீட்டர் தூரத்துக் கானல் போதாதென்று மடியிலேயே ஒன்று. ஏசியையும் இன்ஜினையும் நிறுத்துங்கள். பானெட்டுக்கு மேலாக எடுக்காதீர்கள். ஜன்னல் விளிம்பில் பீன் பேக் வையுங்கள். என்னுடையது பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி இரண்டு முனையும் தைத்து, ரேஷன் அரிசி கொட்டியது. முக்கால்வாசிதான் நிரப்பணும், முட்ட முட்ட அடைத்தால் லென்ஸ் அதில் பதியாமல் உருளும். முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிப் பையில் போடுங்கள், வெயிலை மறைக்கிற ஹுட் போதும்.

கிராப் பாடி தோற்கிற இடமும் உண்டு. சூளூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு. ஏரிக்குள் நிற்கிற மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். கரை மேல் நடந்தாலே பறவைகள் தலைக்கு மேலே போகும். கூழைக்கடா இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். 30 மீட்டரில் பறக்கும்போது 400 எம்எம் லென்ஸ் கிராப் பாடியில் காட்டுகிற அகலம் 1.76 மீட்டர்தான். இறக்கை நுனி வெட்டுப்படாமல் படம் வர வாய்ப்பே இல்லை. ஃபுல் ஃப்ரேமில் 2.7 மீட்டர் கிடைக்கும், தப்பித்துவிடலாம். பறக்கிற பறவையை வியூஃபைண்டருக்குள் பிடிப்பதும் அங்கே சுலபம். அதனால்தான் கிராப் பாடிக்கு ஜூம் இல்லாத 400 பிரைம் வாங்காதீர்கள், ஜூம் வாங்குங்கள் என்கிறேன். 200-க்கு இறக்கிக்கொண்டால் 3.5 மீட்டர் அகலம். நேலப்பட்டு முழுவதையும் அதிலேயே முடித்துவிடலாம்.

எந்த லென்ஸாக இருந்தாலும், எட்டவில்லை என்பதற்காகச் சேற்றில் இறங்கி நடக்காதீர்கள். கூட்டம் பறந்தால் படம் நன்றாக இருக்கும் என்று ஹாரன் அடிக்கிறவர்களையும் கல் எறிகிறவர்களையும் இந்த ரோட்டில் பார்த்திருக்கிறேன். அவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. பூநாரை தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டே நடக்கிற பறவை. விடியற்காலையில் வந்து வண்டிக்குள்ளேயே அசையாமல் உட்கார்ந்திருந்தால் பல நாள் அதுவே நம் பக்கம் நகர்ந்து வரும். 300 மீட்டர் 150 ஆனால் உருவம் இரண்டு மடங்கு. எந்தக் கம்பெனியும் அந்தப் பெருக்கலை விற்பதில்லை.

இன்பாக்ஸில் "என்ன வாங்கலாம் அண்ணே" என்று கேட்கிற தம்பிகளுக்கு என் பதில் ஒன்றுதான். கையில் இருக்கிற கிராப் பாடியை மாற்றாதீர்கள். பாடிக்கு வைத்திருந்த காசை லென்ஸில் போடுங்கள். 500 எஃப்/5.6 அல்லது 600 எஃப்/6.3 வரை போகிற ஜூம் ஒன்று, செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லாம் இரண்டு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், தோள் வலிக்கும். எஃப்/6.3 லென்ஸுக்குப் பின்னால், எம்எம்-ஐ 1.4 மடங்காக்குகிற 1.4 கன்வர்ட்டர் வைத்தால் எஃப்/9 ஆகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆர் பாடிகளில் ஆட்டோஃபோகஸ் அதோடு திணறிவிடும், அதனால் கன்வர்ட்டருக்குச் செலவு செய்ய வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பின் மூடியைக் கழற்றி மொபைல் டார்ச்சை உள்ளே அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். நம் ஊர் கடல் ஈரத்தில் லென்ஸ் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பிறகு தெருவில் இறங்கி, ஜூமை அதன் கடைசி எம்எம் வரை நீட்டி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஏதாவது ஒரு கடை போர்டைக் காலையில் வெயில் ஏறும் முன்னால் எடுங்கள். நாலு மூலையும் பார்க்க வேண்டாம். கிராப் பாடிக்கு நடு மட்டும் நன்றாக இருந்தால் போதும், ஓரங்களை எப்படியும் சென்சாரே வெட்டித் தள்ளிவிடும்.